ஊரில் யாருக்கும் இல்லாத மாதங்களில் காலராக் கிருமி எங்கே இருக்கிறது?

#1 வேம்படி

காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவி, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது நினைவிருக்கும். அப்போதிலிருந்து ஒரு கேள்வி எனக்குள் கிடக்கிறது. பள்ளியில் தொற்றுநோய்ப் பாடம் நடத்தும்போதெல்லாம் தலைதூக்குகிறது.

டெங்கு என்றால் ஏடிஸ் கொசுவைக் காட்டலாம். வெறிநோய் என்றால் நாயைக் காட்டலாம். காலராவுக்கு யாரைக் காட்டுவது? பாடநூலில் "அசுத்தமான நீரால் பரவும்" என்று ஒரு வரி இருக்கிறது. நம் ஊர்க் குழாயில் கலங்கல் தண்ணீர் வருவது புதிதா என்ன? மழைக்காலம் முழுவதும் வருகிறது. அதோடு வயிற்றுப்போக்கும் வருகிறது. ஆனால் காலரா வருவதில்லை. வந்தால் திடீரென்று வருகிறது, பிறகு காணாமல் போகிறது. அசுத்த நீர் என்பது பாதைதானே? அந்தப் பாதையில் வந்து ஏறும் கிருமி அதுவரை எங்கே இருந்தது? நோயாளியே இல்லாத மாதங்களில் அதன் இருப்பிடம் எது?

விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். "கைகழுவுங்கள்" என்று முடித்துவிட வேண்டாம், அது எனக்கும் தெரியும்.

#2 தென்றல்77

கைகழுவுங்கள்.

(கோபிக்காதீர்கள் டீச்சர், முதல் பதில் போடும் ஆசைதான்.)

#3 நுண்ணோக்கி

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவன். தேர்வுத்தாளில் நான் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

அடுத்த ஆள் கிடைக்கும்வரை காலம் தள்ளும் விதம் கிருமிக்குக் கிருமி மாறும். தட்டம்மை வைரஸுக்குக் காத்திருக்கவே தெரியாது. மனிதரை விட்டால் அதற்கு வேறு புகலிடம் இல்லை. ஒருமுறை வந்து போனவருக்கோ ஆயுள் முழுவதும் எதிர்ப்புச் சக்தி. ஆகவே புதிய ஆட்கள் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த ஊரில் அது அற்றுப்போகும். வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 1781க்குப் பிறகு தட்டம்மையே இல்லை. 1846இல் கப்பலில் வந்த ஒருவரோடு மறுபடி நுழைந்தது. சுமார் 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் ஏறத்தாழ 6,000 பேர் படுக்கையில் விழுந்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாக விசாரித்தபோது, 65 ஆண்டுகளுக்கு முன் தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்கள் யாருக்கும் இப்போது வரவில்லை என்பதைக் கண்டார்.

ஆந்த்ராக்ஸ் இதற்கு நேர் எதிர். கெட்டியான உறைக்குள் சுருண்டு, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். மேய வரும் மாட்டின் வாயில் புகுந்ததும் விழித்துக்கொள்ளும். பிளேக் கிருமி எலிகளிடமும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளிடமும் ஒதுங்கியிருக்கும்.

காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே கால்புள்ளி போல வளைந்த ஒரு பாக்டீரியா. ஒற்றை வால், நல்ல நீச்சல்காரன். அடிப்படையில் அது நீர்வாழ் உயிர். ஆறு கடலோடு கலக்கும் கழிமுகங்களில், உவர்நீரில், மனிதர் ஒருவரும் இல்லாவிட்டாலும் வாழக்கூடியது. ஆக, "கழிமுகத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்த இனத்தில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கொள்ளைநோயாகப் பரவியவை ஓ1, ஓ139 என்ற இரண்டு மட்டுமே. காயலிலிருந்து ஒரு குவளை நீர் எடுத்தால் அதில் விப்ரியோ காலரே கிடைக்கக்கூடும், அது ஊரை அழிக்கும் வகையாக இருப்பது அரிது.

#4 ஐயவாதி

அப்படியென்றால் கிருமியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஏன்? மியூனிக் பேராசிரியர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1892 அக்டோபரில், தம் 73ஆம் வயதில், காலராக் கிருமி வளர்ந்த கரைசலை எல்லோரும் பார்க்கக் குடித்தார். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாதென்று சோடா உப்பையும் கலந்துகொண்டார். லேசான வயிற்றுப்போக்கு வந்தது, பிழைத்துக்கொண்டார். கிருமி மட்டும் போதாது, மண்ணும் நிலத்தடி நீரும் பருவமும் கூடி வர வேண்டும் என்பது அவர் வாதம்.

கிருமிதான் காரணம் என்ற ராபர்ட் காக் பெயரை எல்லோரும் படிக்கிறோம். பெட்டன்கோஃபரை ஒரு கோமாளியாக்கிவிட்டோம். ஆனால் ஒரே குழாயில் குடித்த ஐம்பது பேரில் ஐந்து பேருக்குத்தான் வருகிறது. ஏன் அந்த ஐவர்? இதற்குப் பதில் சொல்லாமல் கிருமியின் முகவரியைத் தேடிப் பயனில்லை.

#5 குழாய்க்காரர்

நண்பர் ஐயவாதி, பெட்டன்கோஃபர் அந்தக் கரைசலைக் குடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 1892 ஆகஸ்டில் அங்கே காலரா வெடித்து 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹாம்பர்க் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. ஒட்டியே இருந்த அல்டோனா நகரும் அதே எல்பேயில்தான் எடுத்தது. அதுவும் கீழே, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு. ஆனால் மணல் வடிகட்டி வழியாக விட்டது. அல்டோனா பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களின் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் பிணம், மறுபக்கம் பிழைப்பு. அதே மண், அதே பருவம், அதே நிலத்தடி நீர். பெட்டன்கோஃபரின் வாதத்தை முறியடிக்க இதைவிட நல்ல சோதனையை யாராவது திட்டமிட்டிருக்க முடியுமா?

நான் மருத்துவன் இல்லை. குடிநீர் வழங்கலில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேம்படி டீச்சர் கேட்ட "கலங்கல் தண்ணீர்" எப்படி உருவாகிறது என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. குழாயில் இருபத்துநான்கு மணி நேரமும் அழுத்தத்தோடு நீர் ஓடினால், விரிசல் இருந்தாலும் நீர் வெளியேதான் கசியும்; வெளியிலிருப்பது உள்ளே வராது. நாம் என்ன செய்கிறோம்? காலையில் சிறிது நேரம் திறந்துவிட்டு வால்வை மூடுகிறோம். குழாய் வடிந்து வெறுமையாகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, பக்கத்தில் ஓடும் சாக்கடைக் கசிவை விரிசல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் பதிக்கப்பட்ட தெருக்களில் இது தினசரி நடப்பு. அதனால்தான் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்தால் மட்டும் போதாது. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். தொட்டியடியில் சோதித்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவது எளிது. கடைசி வீடு வரை யார் நடப்பது?

#6 தென்றல்77

லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிக் காலராவை நிறுத்தினாரே, அதை யாரும் சொல்லவில்லையே!

#7 மலைச்சாரல்

தம்பி, அந்தக் கதை கொஞ்சம் மெருகேற்றப்பட்ட கதை. பிராட் தெரு பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது 1854 செப்டம்பர் 8. அதற்குள் அப்பகுதியில் உயிர்பிழைத்தவர்கள் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டிருந்தார்கள், இறப்புகளும் இறங்கத் தொடங்கிவிட்டன. கைப்பிடிதான் நிறுத்தியது என்று ஸ்னோவே அடித்துச் சொல்லவில்லை. முதல் நோயாளி அந்தக் கிணற்றை ஒட்டிய வீட்டுக் குழந்தை என்று பின்னர் கண்டுபிடித்தவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார். அந்தக் குழந்தையின் துணிகளை அலசிய நீர் போன கழிவுக்குழி கிணற்றுக்குள் கசிந்திருந்தது.

ஸ்னோவின் பெரிய வேலை வேறு. தெற்கு லண்டனில் இரண்டு தனியார் நிறுவனங்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் விற்றன. லாம்பெத் நிறுவனம் 1852இல் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு, சாக்கடை சேராத இடத்துக்கு மாறிவிட்டது. சதர்க்-வாக்ஸால் நிறுவனம் மாறவில்லை. 1854 கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு எத்தனை இறப்பு என்று ஸ்னோ கணக்கிட்டார்: சதர்க்-வாக்ஸால் 315, லாம்பெத் 37. கைப்பிடியைவிட இந்த இரண்டு எண்களுக்குத்தான் நான் தலைவணங்குவேன். கிருமியை அவர் பார்த்ததே இல்லை. அதே 1854இல் பிளாரன்ஸில் பிலிப்போ பச்சீனி நுண்ணோக்கியில் பார்த்து எழுதியும் வைத்தார். யாரும் சட்டை செய்யவில்லை. காக் கல்கத்தாவில் அதைத் தனியே வளர்த்துக் காட்டியது 1884இல்.

#8 ஐயவாதி

ஹாம்பர்க்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஏன் அந்த ஐவர்" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

#9 நுண்ணோக்கி

ஐயவாதிக்கு முதலில்.

வயிற்று அமிலம் இக்கிருமிக்குப் பரம எதிரி. அமிலத்தைச் சோடா உப்பால் தணித்துவிட்ட தன்னார்வலர்களுக்குச் சில ஆயிரங்கள் முதல் சில லட்சங்கள் வரையான கிருமிகளே நோயைக் கொடுத்தன. தணிக்காதவர்களுக்குக் கோடிக்கணக்கில் தேவைப்பட்டன. சோறும் குழம்பும் அமிலத்தைத் தணிக்கும். வெறும் தண்ணீர் அவ்வளவாகத் தணிக்காது. ஆகவே எதோடு சேர்ந்து உள்ளே போனது என்பதே ஆளுக்கு ஆள் வேறுபாட்டை உண்டாக்கிவிடும். நெஞ்செரிச்சல் மாத்திரை சாப்பிடுபவர், முன்பே காலரா கண்டவர், ஊட்டம் குறைந்த குழந்தை என்று பட்டியல் நீளும். இன்னொன்று விசித்திரம்: ஓ இரத்த வகையினருக்கு நோய் வந்தால் கடுமையாக வருகிறது. காலரா தலைமுறை தலைமுறையாக அறுத்துக்கொண்டிருந்த வங்கத்தில் ஓ வகை குறைவாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

இனி வேம்படியின் கேள்வி. இதில் இரண்டு கட்சிகள் உண்டு: கிருமி நீர்நிலையில் தங்குகிறது என்பது ஒன்று, மனிதரிடமே தங்கிப் பரவுகிறது என்பது மற்றது. நான் எந்தக் கட்சி என்பதை ஒளிக்கவில்லை; நீர்க்கட்சி.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல், காலரா நோயாளிகளே இல்லாத செசபீக் விரிகுடாவில் இக்கிருமியைக் கண்டார். மிதவை உயிர்களில் கோபிபாட் என்று ஒன்று உண்டு. இறால், நண்டு இனத்தின் மிகச் சிறிய உறவினர், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும். அதன் ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. காலராக் கிருமி அந்த ஓட்டில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும், கைட்டினைத் தின்னும். குளிரோ பட்டினியோ வந்தால் சுருங்கி உறக்க நிலைக்குப் போய்விடும். அப்போது ஆய்வகத் தட்டில் வளர்க்கப் பார்த்தால் ஒன்றும் வளராது. "இந்த நீரில் கிருமி இல்லை" என்று சான்று கொடுத்துவிடுவோம். ஆனால் உயிரோடு இருக்கும். கடல்நீர் சூடேறி, பாசி பெருகி, பாசியைத் தின்னும் கோபிபாட் பெருகும்போது கிருமியும் பெருகும். வங்கதேசத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் மழை முடிந்த பின்பும், காலரா தலைகாட்டுவதற்கு இந்தப் பருவச் சுழற்சியோடு தொடர்பு இருக்கிறது.

கோல்வெல் குழு இதை வைத்து ஒரு வேலை செய்தது. கிருமி மிகச் சிறியது, துணியில் நிற்காது. ஆனால் அது ஒட்டியிருக்கும் கோபிபாட் நிற்குமே! வங்கதேசத்தின் மட்லப் பகுதியில் 65 கிராமங்களில் சோதித்தார்கள். பழைய பருத்திப் புடவையை நான்கைந்து மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிகட்டச் சொன்னார்கள். காலரா கிட்டத்தட்ட பாதியாக, 48 சதவீதம் குறைந்தது. 2003இல் வெளியான முடிவு. புதுப் புடவை அவ்வளவாக உதவாது. துவைத்துத் துவைத்து நைந்த நூல்தான் பிரிந்து விரிந்து துளைகளை அடைக்கிறது.

#10 மலைச்சாரல்

பேராசிரியர் ஐயா, உங்கள் கட்சிக்கு எதிர்க்கட்சியாக நான். நுவரெலியாப் பக்கம் இருக்கிறேன், வரலாறு படித்தவன்.

எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்காக மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடந்து வந்தார்கள். அந்த வழியெங்கும் காலரா அவர்களோடு நடந்தது. விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அந்தப் பாதையில் கழிமுகம் ஏது, கோபிபாட் ஏது? வந்தது மனிதர் வயிற்றில். இலங்கை அரசுக்கு இது நன்றாகவே தெரியும். பின்னாளில் இராமநாதபுரம் மண்டபத்தில் முகாம் கட்டி, கப்பலேறும் முன் எங்கள் பாட்டன்மாரைத் தடுத்து வைத்துச் சோதித்தது அதற்காகத்தான். தொழிலாளியின் உயிரைவிடத் தோட்டத்தின் இலாபமே அவர்கள் கவலை என்பது வேறு விஷயம்.

பழங்கதை போதாது என்றால் கரீபியத் தீவு நாடான ஹெய்ட்டி. குறைந்தது ஒரு நூற்றாண்டாக அங்கே காலரா இல்லை. 2010 ஜனவரியில் நிலநடுக்கம், அக்டோபரில் காலரா. கடல்நீர் சூடாகிவிட்டது, கிருமி கடலிலிருந்து எழுந்தது என்று உங்கள் கட்சியினர் சிலர் சொன்னார்கள். பிரெஞ்சு மருத்துவர் ரெனோ பியாரூ நேரில் போய் நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். நோய் தொடங்கியது கடற்கரையில் அல்ல, உள்நாட்டில், ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு கலந்த ஓடையில். அந்த ஓடை ஆர்ட்டிபோனிட் ஆற்றில் சேர்கிறது. முகாமுக்குப் புதிதாக வந்திறங்கிய படையினர் நேபாளத்தினர்; அப்போது நேபாளத்தில் காலரா இருந்தது. இரு நாட்டுக் கிருமிகளின் மரபணுக்களையும் ஒப்பிட்டபோது ஏறத்தாழ அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய், பதிவான இறப்புகள் பத்தாயிரத்தை நெருங்கின. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். "கடலிலிருந்து வந்தது" என்ற வாதம் அந்த ஆறு ஆண்டுகளும் யாருக்குப் பயன்பட்டது என்று யோசியுங்கள்.

ஆப்பிரிக்காவும் அப்படியே. 1970 முதல் அங்கே பரவிய கிருமிகளின் மரபணு வரிசையைப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. ஆசியாவிலிருந்து குறைந்தது பதினொரு முறை புகுந்திருக்கிறது என்றது. ஆப்பிரிக்கக் கழிமுகங்களில் தானாக முளைத்த கொள்ளைநோய் என்று ஒன்றும் அதில் தென்படவில்லை.

#11 நெறியாளர்

ஹெய்ட்டி குறித்த பதிவுக்குப் பின் நேபாள மக்களை இழிவுபடுத்தி வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டவர்களைப் பற்றிப் பேசுங்கள், ஓர் இனத்தைப் பற்றி அல்ல.

#12 வேம்படி

இப்போதுதான் பாடம் சூடுபிடிக்கிறது. மலைச்சாரல் அண்ணா, ஒரு சந்தேகம். ஹெய்ட்டியில் 2019 பிப்ரவரிக்குப் பிறகு காலரா இல்லை என்றார்கள். 2022 அக்டோபரில் திரும்ப வந்துவிட்டதே? மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது எங்கே இருந்தது? என் முதல் கேள்விக்கே வந்து நிற்கிறோம்.

நுண்ணோக்கி ஐயாவுக்கும் ஒன்று. காயலில் இருக்கும் சாதுவான வகைகள் திடீரென்று கொடியதாக மாறாதா?

#13 நுண்ணோக்கி

மாறுவதற்கான கருவி அதனிடம் இருக்கிறது. இதைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பு எழும்.

காலரா நோயை உண்டாக்கும் நச்சு, அடிப்படையில் அந்தப் பாக்டீரியாவின் சொந்தச் சரக்கே அல்ல. ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. அவற்றில் இழை போன்ற ஒன்று காலராக் கிருமிக்குள் புகுந்து, அதைக் கொல்லாமல், தன் மரபணுக்களை அதன் மரபணுவோடு பொருத்திவிட்டுத் தங்கிவிடுகிறது. நச்சுக்கான குறிப்பு அந்த வைரஸிடம்தான் இருக்கிறது. மேத்யூ வால்டோரும் ஜான் மெக்கலானோஸும் 1996இல் இதைக் காட்டினார்கள். வைரஸ் உள்ளே நுழையப் பற்றும் கொக்கி, கிருமி மனிதக் குடலில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் அதே மெல்லிய இழை. கோபிபாட் ஓட்டில் ஒட்டியிருக்கும்போது அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களைக் குத்திக் கொன்று அவற்றின் டி.என்.ஏ.வை விழுங்கிக்கொள்ளவும் இக்கிருமிக்குத் தெரியும்.

இதன் விளைவை நம் ஊரிலேயே பார்த்தோம். 1992 வரை ஓ1 வகை மட்டுமே கொள்ளைநோயாகும் என்று எல்லாப் பாடநூல்களும் எழுதின. அந்த ஆண்டு அக்டோபரில் சென்னையில் காலரா வந்தது. கிருமியைச் சோதித்தால் ஓ1 இல்லை. அப்போது தெரிந்திருந்த 138 வகைகளில் எதுவுமே இல்லை. புதியதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். பழைய கிருமிதான், மேலுறையை மட்டும் வேறெங்கிருந்தோ வாங்கி மாட்டிக்கொண்டிருந்தது. முன்பு காலரா கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது வீழ்த்தியது. உடல் பழைய உறையைத்தானே அடையாளம் வைத்திருந்தது. சில மாதங்களில் வங்கக் கரையோரமாக மேலேறிக் கல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. காலராவின் எட்டாவது உலகக் கொள்ளைநோய் தொடங்கிவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் ஓ1 திரும்பி வந்து அதை ஓரங்கட்டிவிட்டது.

ஹெய்ட்டி 2022: மலைச்சாரலுக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன். திரும்பி வந்த கிருமி 2010இல் வந்ததன் வாரிசு. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தது போலத் தெரியவில்லை. அப்படியானால் ஒன்று, அது ஹெய்ட்டி நீர்நிலைகளில் தங்கியிருக்க வேண்டும். அல்லது அறிகுறியில்லாத மனிதர்களிடையே கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதை ஒதுக்கிவிட முடியாது. 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் கிளம்பி இன்றுவரை ஓடும் ஏழாவது கொள்ளைநோயின் கிருமியான எல் டோர், பலருக்கு லேசான வயிற்றுப்போக்கைக் கொடுத்துவிட்டு அல்லது ஒன்றுமே காட்டாமல் கடந்துவிடும். அவர்கள் நடமாடுவார்கள், மலம் கழிப்பார்கள். நோய் கொடுமையாக இருந்தால் ஆள் படுத்துவிடுவார், கிருமியின் பயணமும் அங்கேயே நிற்கும். எல் டோர் இத்தனை காலம் ஓடுவதன் இரகசியம் அந்த மென்மைதான்.

#14 ஐயவாதி

"பிறகு காணாமல் போகிறது" என்று டீச்சர் கேட்டதை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அதற்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. 1896இல் ஆக்ராவில் இருந்த ஆங்கிலேயர் எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி விரைவில் சாகிறது என்று எழுதினார். காய்ச்சிய நீரில் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் கண்டார். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்கள் இருபது ஆண்டுகள் கழித்துத்தான் கண்டறியப்பட்டன. ஹான்கின் பார்த்தது அவற்றின் வேலையாக இருக்கலாம். டாக்காவில் நடந்த ஆய்வுகளில், நோய் உச்சத்துக்குப் போனதும் நீரிலும் நோயாளிகளின் மலத்திலும் இந்தக் கொல்லி வைரஸ்கள் பெருகுகின்றன, அதன்பின் காலரா இறங்குகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் கங்கை நீரை மருந்தென்று குடிக்கக் கிளம்ப வேண்டாம். அந்தக் கரையிலும் மக்கள் காலராவில் கூட்டங்கூட்டமாக மடிந்திருக்கிறார்கள்.

#15 பனங்கிழங்கு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பாட்டி வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரே கொடுக்க மாட்டார். "குடிக்கக் குடிக்கப் போகத்தானே செய்யும், குடல் ஓயட்டும்" என்பார். அதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா? கிருமி வெளியேறட்டும் என்று பட்டினி போடுவது சரியா?

#16 இரவுப்பணி

இல்லை. இல்லவே இல்லை. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்குப் பதில் எழுதாமல் போக முடியாது.

செவிலியாக இருக்கிறேன். காலராவில் மனிதர் சாவது கிருமியால் அல்ல, தண்ணீர் போவதால். கிருமி குடல்சுவரைத் துளைப்பதில்லை, இரத்தத்தில் கலப்பதில்லை. குடலில் உட்கார்ந்துகொண்டு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு குடல் செல்களைக் குழப்பி, உப்பையும் நீரையும் உடலுக்குள்ளிருந்து குடலுக்குள் கொட்ட வைக்கிறது. இதை நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் தே, 1959இல், முயலின் குடலை வைத்து. நோபல் அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் அவரைப் பரிசுக்குப் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும், அரிசி கழுவிய நீர் போல. காலையில் நடந்து வந்தவர் மாலைக்குள் கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்று, நாடி பிடிபடாமல் போய்விடும். இந்த நிலையில் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் "குடல் ஓயட்டும்" என்றால் ஓய்வது குடல் மட்டுமல்ல.

பாட்டியைக் குறை சொல்லவில்லை. பெரிய மருத்துவர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். வெறும் தண்ணீர் கொடுத்தால் உடலில் நிற்காமல் போவது உண்மைதான். ஆனால் குடலில் ஒரு கதவை மட்டும் அந்த நச்சால் மூட முடிவதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் திறக்கும் கதவு அது. அவை உள்ளே போக, தண்ணீரும் பின்னால் போகும். ஓ.ஆர்.எஸ். என்பது அவ்வளவுதான். 1968இல் டாக்காவில் சோதித்து உறுதி செய்தார்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா வந்து சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து கரைசலாக்கி, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது 2023இல், அவர் இறந்த பிறகு.

கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. பொட்டலத்தில் சொன்ன அளவு நீரில் முழுவதையும் கரையுங்கள், பாதி பாதியாகக் கலக்காதீர்கள். கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியில் சர்க்கரை ஆறு, உப்பு அரை. உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்து வாய் வாயாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சோர்ந்து சரிந்தால், சிறுநீர் நின்றால், விழுங்க முடியாவிட்டால் வீட்டில் வைத்துக்கொண்டு கரைசல் கலக்கிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கே நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். கிருமிக்கொல்லி மாத்திரை இரண்டாவது வேலை. நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

#17 குழாய்க்காரர்

வணக்கம் அம்மா. இப்படி எழுதினால் படிக்கிறவன் உருப்படுவான்.

நீர்க்கட்சி, மனிதக் கட்சி என்று இரு தரப்பும் நன்றாக வாதாடினீர்கள். என்னைக் கேட்டால், அது கடலில் இருந்தால் என்ன, மனிதர் குடலில் இருந்தால் என்ன? இரண்டிலிருந்தும் குடத்துக்கு வர என் குழாயைத்தான் தாண்ட வேண்டும். விரிசலை அடைத்துக் குளோரினை ஒழுங்காகப் போட்டால் விவாதமே வேண்டாம்.

#18 நுண்ணோக்கி

அங்கேதான் உங்களோடு முரண்படுகிறேன். இருப்பிடம் எது என்பதைப் பொறுத்துத்தான் எதை இலக்காக வைக்கலாம் என்பது முடிவாகிறது. பெரியம்மையை உலகிலிருந்து துடைத்தெறிய முடிந்ததற்கு முக்கியக் காரணம் அதற்கு மனிதரைத் தவிர வேறு இடம் இல்லை என்பது. ஒவ்வொரு நோயாளியையும் சுற்றித் தடுப்பூசி வேலி போட்டார்கள், போக்கிடமில்லாமல் அழிந்தது. காலராவுக்குக் கழிமுகம் இருக்கும்வரை அந்த வழி கிடையாது. 2017இல் வகுத்த உலகத் திட்டமும் 2030க்குள் காலரா இறப்புகளைத் தொண்ணூறு சதவீதம் குறைப்பது என்றுதான் பேசுகிறது. கிருமியை ஒழிப்போம் என்று சொல்லவில்லை. தடுப்புமருந்தும் அளவாகவே கிடைக்கிறது. 2022 அக்டோபரில் கையிருப்பு போதாமல், நோய் வெடித்த இடங்களில் இரண்டு தவணைக்குப் பதில் ஒரே தவணை போடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்ல வேண்டியதாயிற்று.

#19 மலைச்சாரல்

கொள்ளைநோயாகப் பரவும் அந்த ஒரு குடும்பத்தை மட்டும் மனிதரிடமிருந்து துண்டித்துவிட்டால், கழிமுகத்தில் மீதி இருப்பவை எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும் ஐயா. ஹெய்ட்டியில் மூன்று ஆண்டுகள் அதுதான் நடந்தது என்று நான் இன்னும் நம்புகிறேன். கடைசி நோயாளி வரை தேடிப் போகும் அணிகள் இருந்தன, அவை கலைந்த பிறகுதான் திரும்பி வந்தது.

#20 நுண்ணோக்கி

அணிகள் மெலிந்தது உண்மை. ஆனால் அந்தக் கிருமி ஆர்ட்டிபோனிட் ஆற்றில் உறங்கவில்லை என்பதற்கு அது சான்றாகாது. இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

#21 வேம்படி

இருவர் பதிவுகளையும் அப்படியே அச்செடுத்து வகுப்பில் இரண்டு அணிகளுக்குக் கொடுக்கப் போகிறேன். கடைசியாக ஒன்று மட்டும்: எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் காயல் இறால். கோபிபாட் அதன் உறவினர் என்றீர்கள். இறாலிலும் இது ஒட்டியிருக்குமா?

#22 நுண்ணோக்கி

ஒட்டியிருக்கலாம். ஆனால் நன்கு வெந்தால் செத்துவிடும். நம் வீடுகளில் இறாலைப் பச்சையாக யாரும் உண்பதில்லை. சமையலறையில் கவனிக்க வேண்டியது வேறு: பச்சை இறாலை உரித்த தட்டிலும் கத்தியிலும் வெள்ளரிக்காயை நறுக்காதீர்கள், உரித்த கையைச் சோப்புப் போட்டு…

#23 தென்றல்77

சொன்னேனே, கைகழுவுங்கள் என்று.